கை மாறிய மஸ்டாங்: திருப்பூரில் நடந்த ஒரு கார் விற்பனையின் நிகழ்வு ஆய்வு

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் ஒரு கூட்டு நிறுவனத்தின் பெயரில் 2017-இல் பதிவான ஃபோர்டு மஸ்டாங் ஜிடி கார், 2025-இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவருக்கு விற்கப்பட்டது. விற்கலாம் என்ற பேச்சு எழுந்தது முதல் ஆர்சி புத்தகத்தில் பெயர் மாறியது வரை விற்பவர் பக்கமிருந்து காகித வேலைகளையும் விலைப் பேச்சையும் நான் கவனித்துக்கொண்டேன். இருதரப்பும் இசைந்ததால், பெயர்களை விட்டுவிட்டு நடந்ததை எழுதுகிறேன்.

இதை எழுதக் காரணம் உண்டு. கொங்கு நாட்டில் வேகக் கார்களின் மீதான ஆசை இன்று நேற்று வந்ததன்று. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். ஆசைப்பட்டு வாங்கியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால், அதே காரை விற்கும் நேரத்தில், மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் போல, எல்லாம் புரோக்கர் வாய்வழியாகவே நடந்து முடிகிறது. மாருதி ஸ்விஃப்ட் போன்ற வண்டியில் இந்த வழக்கத்தால் சில ஆயிரங்கள் போகலாம். அரைக் கோடி ரூபாய் மதிப்புள்ள வண்டியில் போவது லட்சங்கள். சில வேளைகளில் அதனோடு ஒரு வழக்கும் வந்து சேர்கிறது. விற்பவரைக் காப்பாற்றுகிற காகிதங்கள்தாம் அவருக்கு நல்ல விலையையும் வாங்கித் தருகின்றன என்பதை இந்த விற்பனையில் ஒவ்வொரு கட்டத்திலும் கண்கூடாகப் பார்த்தேன்.

வண்டியும் முதலில் கேட்கப்பட்ட விலையும்

ஆறாம் தலைமுறை மஸ்டாங், 5 லிட்டர் வி8 இன்ஜினுடன் 2016 ஜூலையில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அப்போது டெல்லி ஷோரூம் விலை 65 லட்சம் ரூபாய். ஆலையிலேயே வலப்பக்க ஸ்டியரிங்குடன் தயாரான முதல் மஸ்டாங் தலைமுறை அதுதான். 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீஸும் உதிரிபாகங்களும் தொடரும் என்றும் கூறியது. எனவே இந்த வண்டிக்கு இரண்டு விதமான வாங்குபவர்கள் உண்டு. இனி புதிதாகக் கிடைக்காது என்பதற்காகக் கூடுதலாகக் கொடுக்க முன்வருபவர் ஒருவர். ஒரு பாகம் உடைந்தால் கப்பலில் வரும்வரை காத்திருக்க வேண்டுமே என்று குறைத்துக் கேட்பவர் மற்றவர். முதலாமவரைக் கண்டுபிடிக்கும் பொறுமை விற்பவருக்கு வேண்டும்.

எங்கள் உரிமையாளருக்கு அந்தப் பொறுமை தொடக்கத்தில் இல்லை. "கன்சல்டிங்ல உட்டா ரெண்டே நாள்ல போயிருமுங்க, நமக்கு எதுக்கு இந்தத் தொல்லை" என்பது அவர் கருத்து. அவருக்குப் பழக்கமான ஒரு கார் கன்சல்டிங்கில், அதாவது பழைய கார் வாங்கி விற்கும் கடையில், வண்டியைப் பார்த்து 36 லட்சம் சொன்னார்கள். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் எதையும் நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்டுத் தரவேண்டும், பார்ட்டி கிடைத்ததும் நேரே அவர் பெயருக்கு மாற்றிக்கொள்வோம் என்றார்கள். ஊரெங்கும் நடக்கும் முறைதான் இது. ஆனால், இதில் உள்ள ஆபத்தை விற்பவர்கள் பெரும்பாலும் உணர்வதில்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 50-ஆம் பிரிவின்படி, மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள் உரிமை மாற்றத்தைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் தம் பகுதி அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அது நடக்கும்வரை யார் பெயர் பதிவில் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். பல கை மாறி விற்கப்பட்ட ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், பதிவில் பெயர் இருந்தவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நானூறு குதிரைத்திறன் கொண்ட வண்டியை, யார் ஓட்டப்போகிறார்கள் என்று தெரியாமல், நம் பெயரிலேயே ஊருக்குள் விடுவது எவ்வளவு பெரிய பாரம் என்பதை உரிமையாளருக்குச் சொன்னபோதுதான் அவர் சற்று நிதானித்தார்.

டீலரிடம் விடுவதற்கு முறையான வழியும் இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, பதிவு அலுவலகத்தின் அங்கீகாரம் பெற்ற பழைய வண்டி டீலரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது படிவம் 29சி வழியாக ஆன்லைனில் தெரிவித்துவிட்டால், அடுத்தவர் பெயருக்கு மாறும்வரை அந்த டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். அந்தக் கன்சல்டிங்கில் அங்கீகாரச் சான்று கேட்டோம். தெளிவான பதில் வரவில்லை. அதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொண்டோம்.

கடன் முடிந்தும் ஆர்சியில் நின்ற வங்கியின் பெயர்

விளம்பரம் கொடுப்பதற்கு முன் காகிதங்களை மேசையில் பரப்பிப் பார்த்ததில், வாகனக் கடன் சில ஆண்டுகளுக்கு முன்பே அடைக்கப்பட்டிருந்தும், ஆர்சியில் வங்கியின் ஹைப்பாத்திகேஷன் (ஹெச்பி) குறிப்பு, அதாவது வண்டி கடனுக்கு ஈடாக இருக்கிறது என்ற குறிப்பு, நீக்கப்படாமல் இருந்தது தெரிந்தது. கடன் முடிந்தபோது வங்கி கொடுத்த கடிதமும், அந்தக் குறிப்பை நீக்குவதற்கான படிவம் 35-உம் கோப்பில் பழுத்துக் கிடந்தன. இது மிகச் சாதாரணமாக நடப்பது. கடைசித் தவணை கட்டியதோடு வேலை முடிந்தது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். புதிய தேதியிட்ட கடிதத்தை வங்கியிடம் வாங்கி, பதிவு அலுவலகத்தில் ஹெச்பி கேன்சல் செய்த பிறகே வண்டியைப் பற்றி வெளியில் வாய் திறப்பது என்று முடிவு செய்தோம். வாங்க வருபவர் வாகனப் பதிவுக்கான அரசின் பரிவாகன் இணையதளத்தில் எண்ணைத் தட்டிப் பார்க்கும்போது வங்கியின் பெயர் தெரிந்தால், அவர் அடுத்து கேட்கும் விலை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நிறுவனத்தின் பெயரில் வண்டி இருந்ததால், கூட்டாளிகள் அனைவரும் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம், கூட்டு ஒப்பந்த நகல், பான், ஜிஎஸ்டி சான்று ஆகியவை தேவைப்பட்டன. நிலுவையில் இருந்த இ-சலான் அபராதங்களைக் கட்டினோம். உரிமையாளரின் மகன் பொருத்தியிருந்த வெளிச்சந்தை எக்ஸாஸ்ட்டைக் கழற்றிவிட்டு, கொட்டகையில் சாக்கில் சுற்றி வைத்திருந்த கம்பெனி எக்ஸாஸ்ட்டை மீண்டும் மாட்டினோம். பதிவில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கும் மேலாக, மாற்றம் செய்யப்பட்ட வேகக் காரைப் பார்த்தவுடன் "நல்லா அடிச்சு ஓட்டிருக்காங்க" என்ற எண்ணம்தான் வாங்குபவருக்கு வருகிறது. கழற்றிய எக்ஸாஸ்ட் தனியே நல்ல விலைக்குப் போனது.

விலை எங்கிருந்து வந்தது

சாதாரணக் காருக்கு விலை கண்டுபிடிக்க ஒரே மாதிரியான பத்து வண்டிகளைப் பார்க்கலாம். மஸ்டாங்குக்குத் தமிழ்நாடு முழுக்கத் தேடினாலும் ஒப்பிடக்கூடிய வண்டிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவையே. விளம்பரங்களில் உள்ளவை கேட்கும் விலைகள். வண்டி கைமாறிய விலைகள் அல்ல. ஆகவே பெங்களூரு, கொச்சி, சென்னை விளம்பரங்களைச் சேகரித்து, அவற்றில் நெடுநாள் விற்காமல் கிடந்தவற்றை ஒதுக்கினோம். சீக்கிரம் விளம்பரத்திலிருந்து மறைந்தவற்றின் விலைக்கே முதன்மை கொடுத்தோம். காப்பீட்டின் ஐடிவியையும், அதாவது பாலிசியில் வண்டிக்குக் குறிக்கப்படும் மதிப்பையும், பார்த்தோம். ஆனால், ஐந்து ஆண்டுகளைக் கடந்த வண்டிக்கு அது உரிமையாளரும் காப்பீட்டு நிறுவனமும் பேசி வைத்துக்கொள்ளும் தொகையே என்பதால், அதைச் சந்தை விலையாக எடுத்துக்கொள்வது சரியாகாது.

அடுத்து, வண்டியின் குறைகளை நாங்களே பட்டியலிட்டு விலை போட்டோம். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. இந்த வண்டியில் 3118 என்று இருந்தது, அதாவது 2018-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரம். பள்ளம் நன்றாக இருந்தாலும் ரப்பர் இறுகிவிட்டது. நான்கும் மாற்ற வேண்டியவை. ஓட்டாமல் நின்றதால் பேட்டரி பலவீனம். நிறுத்தியிருந்த கொட்டகையில் எலி கடித்த ஒரு ஒயர் சரிசெய்யப்பட்டிருந்தது. இடப்பக்கப் பின் ஃபெண்டர், ஆலைக் கேட்டில் உரசியதால் ஒருமுறை மறுவர்ணம் பூசப்பட்டது. இவற்றுக்கான பில்கள், சர்வீஸ் பதிவுகள், சர்வீஸ்தோறும் குறித்த கிலோமீட்டர் கணக்கு எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே கோப்பாக்கினோம். மீட்டரைத் திருப்பிவிட்டார்களோ என்ற சந்தேகத்துக்கு அந்தக் கோப்பை விடச் சிறந்த பதில் கிடையாது.

வரிக் கணக்கு தனி. இதைப் பலரும் விற்றுமுடித்த பிறகே கேட்டறிகிறார்கள். தனிநபர் தம் சொந்தக் காரை விற்றால் ஜிஎஸ்டி இல்லை. நிறுவனத்தின் பெயரில் இருந்து, அதற்குத் தேய்மானமும் கழிக்கப்பட்டிருந்தால், தேய்மானம் போக நிற்கும் மதிப்புக்கு மேல் விற்கும் தொகைக்கு 18 சதவீதம் வரி உண்டு. பெரிய இன்ஜின் கார்களுக்கு இந்த விகிதம் 2018 முதலே இருக்கிறது. 2025 ஜனவரியில் மற்றக் கார்களுக்கும் இதுவே ஆனது. இந்த வண்டி எல்லாம் சேர்த்து 80 லட்சத்துக்கு வாங்கப்பட்டது. ஆண்டுக்கு 15 சதவீதம் வீதம் எட்டு ஆண்டுகள் தேய்மானம் போகப் புத்தகத்தில் நின்றது ஏறத்தாழ 21 லட்சத்து 80 ஆயிரம். எனவே வரி நீங்கலாக 46 லட்சத்துக்கு விற்றால், வித்தியாசமான 24 லட்சத்து 20 ஆயிரத்துக்கு வரி மட்டும் சுமார் 4 லட்சத்து 36 ஆயிரம். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வாகனம் என்பதால் வாங்குபவரிடம் ஒரு சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் வசூலித்துக் கட்டும் வருமான வரி) பிடித்துக் கட்ட வேண்டும் என்பதையும் ஆடிட்டர் நினைவூட்டினார். இந்தக் கணக்கு முதலிலேயே கையில் இருந்ததால், வரியோடு 50 லட்சத்துக்குக் கீழே இறங்குவதில்லை என்ற எல்லைக்கோட்டைத் தடுமாற்றமில்லாமல் வகுக்க முடிந்தது. 36 லட்சத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தால் அதிலிருந்தும் வரி போயிருக்கும் என்பது அப்போதுதான் உரிமையாளருக்கு உறைத்தது.

வந்தவர்கள்

விளம்பரம் வெளியான அன்றே, வண்டியைப் பார்க்காமலேயே வாங்கிக்கொள்வதாக ஒருவர் அழைத்தார். டோக்கன் அட்வான்ஸ் அனுப்ப ஒரு க்யூஆர் குறியீட்டை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டால் பணம் வந்துவிடும் என்றார். பணம் பெறுவதற்கு யாரும் ரகசிய எண்ணைப் போடவேண்டியதில்லை. போட்டால் பணம் நம் கணக்கிலிருந்தே போகும். அவருடைய கைப்பேசி எண்ணை முடக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தோம்.

பாலக்காட்டிலிருந்து வந்தவர் உண்மையான ஆள். எல்லோரையும் விட அதிகமாக 48 லட்சம், வரி தனி என்று சொன்னார். ஆனால், பாதிப் பணத்தை இப்போதும் மீதியைப் பெயர் மாறிய பிறகும் தருவதாகவும், வண்டியை உடனே எடுத்துப்போவதாகவும் நிபந்தனை வைத்தார். வெளிமாநிலத்துக்கு மாற்ற வேண்டுமானால் படிவம் 28 வழியாகத் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். கேரளத்தில் வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். அதுவரை வண்டி வாளையாறுக்கு அந்தப் பக்கம் எங்கள் நிறுவனத்தின் பெயரில் ஓடும். மீதி 24 லட்சம் அவர் கையில் நிற்கும். முழுத் தொகையும் கொடுத்தால் சான்று வாங்கித் தந்துவிட்டு வண்டியை ஒப்படைக்கிறோம் என்றோம். அவர் இசையவில்லை. இரண்டு லட்சம் போகிறதே என்று உரிமையாளர் வீட்டில் வருத்தப்பட்டார்கள். 24 லட்சத்தைப் பணயம் வைத்துப் பெறவேண்டிய இரண்டு லட்சம் அது என்பதே என் முடிவு. இப்போதும் அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

பொள்ளாச்சிக்காரர் தம் மெக்கானிக்கையும் அழைத்துக்கொண்டு காலையிலேயே வந்தார். வந்தவுடன் பானட்டின் மீது கையை வைத்துப் பார்த்தார். வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த இன்ஜினில் மட்டும் கேட்கும் சத்தங்கள் மறைந்துவிடும் என்பதை அறிந்தவர் அவர். இன்ஜின் குளிர்ந்தே இருந்தது. மெக்கானிக் வர்ணத்தின் தடிமனை அளக்கும் கருவியை ஒவ்வொரு பேனலாக வைத்துக்கொண்டே வந்தார். எல்லா இடத்திலும் 110 முதல் 140 மைக்ரான் காட்டிய கருவி, இடப்பக்கப் பின் ஃபெண்டரில் 270 காட்டியது.

"ஏனுங்க, இந்தப் பக்கம் பெயின்ட் அடிச்சிருக்குதுங்களா?"

"ஆமாங்க, மில் கேட்டுல ஒரசிருச்சுங்க. கோப்புல மூணாவது தாள்ல பில்லு இருக்குதுங்க, பாருங்க."

மெக்கானிக் கோப்பைத் திறந்து பில்லையும், உரசலின்போது எடுத்த புகைப்படத்தையும் பார்த்தார். அதன் பிறகு அவர் மற்றப் பேனல்களை அவசரமாகவே முடித்துவிட்டார். நாம் மறைத்த குறையை வாங்குபவர் கண்டுபிடித்திருந்தால் அதற்கு அவர் ஒரு லட்சம் குறைத்திருப்பார். மறைக்காமல் பில்லைக் காட்டியதால், அந்த உரசல் விலைப் பேச்சில் மீண்டும் எழவே இல்லை. டயருக்கும் பேட்டரிக்கும் நாங்கள் முன்பே கழித்து வைத்திருந்த தொகையைக் காட்டினோம். அதையும் அவர் ஏற்றார்.

டெஸ்ட் டிரைவுக்கு முன் ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்து நகல் எடுத்துக்கொண்டோம். வண்டியின் காப்பீடு நடப்பில் இருப்பதை அவருக்குக் காட்டினோம். உரிமையாளர் முன் இருக்கையில் அமர்ந்தார். இரண்டாவது சாவி வீட்டில் இருந்தது. அவிநாசியிலிருந்து செங்கப்பள்ளி வரை போய்வருவது என்று பாதையும் முன்பே பேசி வைக்கப்பட்டது. செட்டிபாளையம் டிராக்கில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமா என்று வாங்குபவர் கேட்டதை மறுக்க வேண்டியிருந்தது. பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றின்போது ஏற்படும் சேதத்துக்கு வழக்கமான மோட்டார் காப்பீடு பொறுப்பேற்காது. ஆசை நியாயமானதுதான், தம் பெயருக்கு மாறியதும் அவர் தாராளமாகப் போகட்டும் என்றோம்.

பணமும் சாவியும்

46 லட்சம், வரி தனி என்று விலை முடிந்தது. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தோடு ஒரு லட்சம் டோக்கன் அட்வான்ஸ் வங்கி வழியாக வந்தது. எந்தத் தேதிக்குள் மீதி வரவேண்டும், எந்தக் காரணத்தால் பேச்சு முறிந்தால் அட்வான்ஸ் திரும்பும் என்பவை அதில் இருந்தன.

அதன் பிறகு இரண்டு சங்கடமான கோரிக்கைகள் வந்தன. பத்து லட்சத்தை ரொக்கமாக வைத்துக்கொள்ளலாமா என்பது முதலாவது. ஒரே பரிவர்த்தனையில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரல் முதல் தடை செய்கிறது. ரொக்கத்தைப் பெற்றவருக்கு அதே அளவு தொகை அபராதமாக வரலாம். இரண்டாவது கோரிக்கை கேட்பதற்கு அப்பாவித்தனமானது. "நம்ம கொப்பரை யாவாரி எனக்குத் தரவேண்டிய பணம் இருக்குதுங்க, அவரு கணக்குல இருந்தே உங்களுக்குப் போட்டுறச் சொல்லீர்றனுங்க" என்றார். அவர் நல்ல மனிதர். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் மூன்றாம் நபரின் கணக்கிலிருந்து வரும் பணத்தை வாங்கக் கூடாது. அந்தப் பணம் எங்கேனும் ஒரு சைபர் மோசடியோடு தொடர்புடையதாக இருந்தால், விசாரணையில் பணம் வந்து சேர்ந்த கணக்கும் முடக்கப்படுகிறது. ஏற்றுமதி நிறுவனத்தின் நடப்புக் கணக்கு ஒரு வாரம் முடங்கினால் கூலி போட முடியாது. இதை விளக்கியதும் அவர் பணத்தை முதலில் தம் கணக்குக்கு வரவழைத்து, அங்கிருந்தே அனுப்ப ஒப்புக்கொண்டார்.

ஒப்படைக்கும் நாள் ஒரு வேலை நாளாக இருக்கவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தோம். பெரிய தொகைகளை வங்கிக்கு வங்கி அனுப்பும் ஆர்டிஜிஎஸ் இப்போது எல்லா நேரமும் இயங்கினாலும், சந்தேகம் வந்தால் கேட்க வங்கியில் ஆள் இருக்கவேண்டும். காலையில் வங்கிக் கிளையிலேயே கூடினோம். வாங்குபவர் கைப்பேசியில் காட்டிய ஸ்கிரீன்ஷாட்டையும் குறுஞ்செய்தியையும் நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. பணப் பரிமாற்றத்தின் அடையாளமான யுடிஆர் எண்ணை வைத்து, தொகை நிறுவனக் கணக்கில் வரவாகியிருப்பதைக் கிளையிலேயே பார்த்த பிறகுதான் படிவங்கள் வெளியே வந்தன. படிவம் 29-உம் 30-உம் வாங்குபவரின் பெயர், முகவரி, தேதி எல்லாம் நிரப்பப்பட்ட நிலையிலேயே கையெழுத்தாயின. டெலிவரி கடிதம் இரண்டு பிரதிகளில் தயாரானது. அதில் தேதியோடு நேரம், கிலோமீட்டர், இன்ஜின் எண், சேஸிஸ் எண், ஒப்படைத்த சாவிகளின் எண்ணிக்கை, "இந்த நேரம் முதல் இவ்வண்டியால் எழும் அபராதம், விபத்து, குற்றம் அனைத்துக்கும் வாங்குபவரே பொறுப்பு" என்ற வாசகம் ஆகியவை இருந்தன. இரு சாட்சிகள் கையெழுத்திட்டார்கள். அதன் பிறகு இரண்டு சாவிகளும் கை மாறின.

ஒப்படைத்த பின்

அன்று மாலையே உரிமை மாற்றத்தைப் பரிவாகன் தளத்தில் பதிந்து, ஒப்புகைச் சீட்டை எடுத்துக்கொண்டோம். ஃபாஸ்டேக்கை வழங்கிய வங்கியில் மூடினோம். அதை மறந்தால், புதியவர் சுங்கச்சாவடியைக் கடக்கும்போதெல்லாம் பழையவரின் பணம் போகும். காப்பீட்டு நிறுவனத்துக்குக் கடிதம் கொடுத்து, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கோரிக்கை இல்லாததால் சேர்ந்திருந்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸுக்குச் சான்று வாங்கினோம். அந்தச் சலுகை வண்டியைச் சேர்ந்ததன்று, காப்பீடு எடுத்தவரைச் சேர்ந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். கேட்காவிட்டால் யாரும் கொண்டுவந்து தரமாட்டார்கள். வாங்கியவரிடம், 14 நாட்களுக்குள் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கும்படியும், மூன்றாம் தரப்புக் காப்பு தானாக வந்தாலும் சொந்தச் சேதக் காப்பு அப்படி வராது என்றும் எழுத்தாகவே சொன்னோம்.

சில நாட்களில் நிறுவனத்தின் கைப்பேசி எண்ணுக்கு ஓர் இ-சலான் வந்தது. கோவை–பொள்ளாச்சி சாலையில் வேகக் கேமரா பிடித்தது. தேதி ஒப்படைத்த அதே நாள், நேரம் மாலை. டெலிவரி கடிதத்தில் இருந்த நேரம் அதற்குப் பல மணி நேரம் முந்தையது. கடிதத்தின் படத்தை அனுப்பியதும், வாங்கியவர் மறுபேச்சின்றி அபராதத்தைக் கட்டி ரசீதை அனுப்பினார். பெயர் மாற்றம் முடிந்து புதிய ஆர்சி பொள்ளாச்சி முகவரியில் வந்ததைத் தளத்தில் பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கோப்பின் கடைசித் தாளாகச் சேர்த்தோம். கோப்பு ஆடிட்டரிடம் போயிற்று. அந்த மாத ஜிஎஸ்டி கணக்கில் விற்பனையும் வரியும் ஏறின.